சந்தனப் பொட்டுக்கு அடியில் நான்கு எண்கள்

இல்லை பாப்பா, போதாது. செவ்வாய்க்கிழமை நீ போனில் கேட்டபோது போதும் என்று சொன்னேன். அது தப்பு. "செகண்ட்ஸ்ல எடுத்த வண்டிதான், ஆனா ஓடவே இல்லப்பா. பட்டன் புதுசு மாதிரி அப்படியே இருக்கு. இந்த பைக் டயரோடயே ஸ்பிட்டி மலைக்குப் போயிரலாமா?" என்று கேட்டாய். நான் ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "பட்டன் இருந்தா போதும் பாப்பா, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என்ன சொன்னேன் என்பது வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. டயர் மேல் கட்டை கட்டையாக இருக்கிற ரப்பரை நம் ஊரில் பட்டன் என்கிறோம். பட்டன் தேய்ந்தால் மொட்டை டயர். பட்டன் இருந்தால் நல்ல டயர். கடைக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், நானும் அப்படித்தான் பேசுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை, இதே மாதிரி அவசரத்தில், இன்னொரு ஆளிடம் சொன்னேன். அது யார் என்று உனக்குத் தெரியும். எதற்காகச் சொன்னேன் என்பதுதான் தெரியாது.

நேற்று மறுபடி கூப்பிட்டு ரெண்டு டயரையும் மாற்று என்றேன். நீ சிரித்தாய். "அப்பா, நேத்து போதும்னீங்க, இன்னைக்கு மாத்துங்கறீங்க. டயர்காரர் புத்தி உங்களுக்கு. எதப் பாத்தாலும் மாத்தச் சொல்லுவீங்க." சண்டிகருக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷத்தில் உனக்கு வாய் நீண்டுவிட்டது. நல்லதுதான். ஆனால் நீ சனிக்கிழமை காலையில் கிளம்புகிறாய். இன்றைக்கு வியாழன். காரணம் சொல்லாமல் நான் எத்தனை தடவை சொன்னாலும் நீ மாற்றமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை. அதனால் காரணத்தை எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது. சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு எதையாவது பேசிவிடுவேன். எழுதி, போட்டோ பிடித்து உனக்கு அனுப்பப்போகிறேன். பிறகு நம் வீட்டு குரூப்பிலும் போடுவேன். எல்லாரும் படிக்கட்டும்.

முதலில் டயர் விஷயம். அதைச் சொல்லிவிட்டால் பாதி பாரம் குறையும். உன் டயரின் பக்கவாட்டில் உற்றுப் பார். எழுத்தும் எண்ணுமாக நிறைய இருக்கும். அதில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் மட்டும் தனியாக இருக்கும். முதல் ரெண்டு எண், எத்தனையாவது வாரம். அடுத்த ரெண்டு, எந்த வருஷம். அந்த டயர் பிறந்த தேதி அது. ஒரு பக்கம் இல்லையென்றால் அடுத்த பக்கம் பார், சில டயரில் ஒரு பக்கம்தான் போடுவார்கள். யாரோ ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் வருஷக்கணக்கில் சும்மா நின்ற வண்டி அது என்று நீயே சொன்னாய். ஓடாத டயரில் பட்டன் தேயாது. ஆனால் ரப்பர் சும்மா இருந்தாலும் சாகும். காய்ந்து இறுகிப்போகும். கட்டை விரல் நகத்தால் ஒரு பட்டனை அழுத்து. நகம் கொஞ்சமாவது உள்ளே இறங்கி மேலே வந்தால் உயிர் இருக்கிறது. செருப்பு அடியை அழுத்துகிற மாதிரி இருந்தால் இல்லை. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் பள்ளத்தில் விரலால் விரித்துப் பார், தலைமுடி மாதிரி கோடு ஓடியிருக்கும். அதைப் பார்த்தால் அந்த டயரோடு கடைத்தெருவுக்குக்கூடப் போகாதே.

பனி என்று நாம் சொல்வது மார்கழியில் புல் மேல் இருக்கிற ஈரத்தை. நீ போகிற இடத்தில் பனி என்றால் ரோட்டில் படுத்திருக்கிற கண்ணாடி. நான் ஐஸைப் பழக்கடையில் ஜூஸ் டம்ளருக்குள்தான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் என் பேச்சை மட்டும் கேட்காதே என்று, காஷ்மீருக்கு ஆப்பிள் லோடு அடிக்கப் போகிற ஒரு துறையூர் டிரைவரைப் பிடித்து நேற்றுக் கேட்டேன். "அண்ணே, அங்கல்லாம் காலைல டயரத் தட்டுனா மரத்தத் தட்டுற சத்தம் வரும். டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் எனக்கும் பேச்சு வராது, டயருக்கும் உணர்ச்சி வராது. பாப்பாவ மொத அஞ்சு கிலோமீட்டர் உருட்டிக்கிட்டே போகச் சொல்லுங்க" என்றார். "ஐஸ் மேல எந்தக் கம்பெனி டயரும் நிக்காதுண்ணே. டயரச் சுத்திச் சங்கிலி கட்டணும், இல்ல திரும்பி வரணும். திரும்பி வர்றவன்தான் மறு வருஷம் போவான்." இதையும் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அப்புறம் உன் நண்பர்கள், குளிர்காலம், அதனால் பெரிய பெரிய பட்டன் வைத்த காட்டு டயர் போடு என்று சொல்கிறார்களாமே. போடாதே. பெரிய பட்டன் சேற்றுக்கும் மண்ணுக்கும் நல்லது. நீ போகிறதில் முக்கால்வாசி தார்ரோடு. ஈரமான, சில்லிட்ட தார்ரோட்டில் பெரிய பட்டன் டயர் நாலைந்து கட்டைகளின் முனையில்தான் நிற்கும், செருப்பில் ஆணி அடித்துக்கொண்டு மொசைக் தரையில் நடக்கிற மாதிரி. நடுத்தரமாகப் பட்டன் வைத்தது, பட்டன் மேலேயே பிளேடால் கீறின மாதிரி மெல்லிய கீறல்கள் இருப்பது, அதைக் கேள். கீறல்தான் ஈரத்தில் பிடிக்கும். கடையில் மலை உருவமும் அதற்குள் பனிப்பூவும் போட்ட டயர் இருக்கிறதா என்று கேள். அது குளிரில் சோதனை பண்ணின ரப்பர், குளிரிலும் இளக்கமாக இருக்கும். உன் வண்டி அளவுக்குக் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, இந்த வருஷம் பிறந்த டயராக வாங்கு. முன்னும் பின்னும் ஒரே ஜோடியாகப் போடு. பக்கத்தில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் சுற்றுகிற திசைக்கு மாட்டியிருக்கிறார்களா என்று நீ நின்று பார். புது டயர் மேல் ஒரு வழவழப்பு இருக்கும், அது போகிறவரை நூறு கிலோமீட்டராவது மெதுவாகப் போ. காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னால் பார். குளிரில் காற்று தானே இறங்கிவிடும். நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். அடுத்தது நீ கேட்காதது.

நான் டிப்ளமோவை ரெண்டாம் வருஷத்தில் விட்டவன். ஏன் விட்டாய் என்று நீ சின்ன வயசில் கேட்பாய், நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்வேன். உண்மை என்னவென்றால் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. லோடு ஆட்டோ ஓட்டினேன், கேபிள் இழுத்தேன், மலைக்கோட்டைப் பக்கம் ஒரு துணிக்கடையில் மூட்டை பிரித்தேன். எதிலும் வருஷம் தாண்டவில்லை. இருபது வயசில் அப்பனாகிவிட்டேன், அப்போதும் கால் நிற்கவில்லை. அப்படிப்பட்டவன் பத்து வருஷமாக அரியமங்கலத்தில் இதே சின்னக் கடையை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று உன் அம்மா கேட்பாள். "பொறுப்பு வந்துருச்சு போல" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள். நான் மறுத்ததில்லை. நம் தெருவில் எல்லாரும், அண்ணன் என்றால் இப்படி இருக்கணும், அடிபட்ட தம்பிக்காகவே கடை போட்டான் என்பார்கள். அதையும் மறுத்ததில்லை.

கடை போடுவதற்கு முன்னால் நான் வேறொரு டயர் கடையில் வேலை பார்த்தேன். அங்கே மேல் தட்டில் ஒரு பைக் டயர் ரொம்ப நாளாக விற்காமல் கிடந்தது. உன் பிரபு சித்தப்பாவுக்கு அப்போது இருபத்தி நாலு வயசு. தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து துறையூரில் உரக்கடை வேலைக்கு பைக்கில் போவான், சாயங்காலம் வந்து பூப்பந்து ஆடுவான். அவன் ஆடுவதைப் பார்க்க ஆட்கள் சைக்கிளை நிறுத்துவார்கள், உனக்கு நினைவிருக்கும், நீ பந்து பொறுக்கிப் போடுவாய். விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வேக்கு அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தை மாசம் ஆடிக் காட்ட வேண்டும். அவன் பின் டயர் மொட்டையாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு நான் வாங்கித் தருகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அப்புறம் அந்த மேல் தட்டு டயரை, இது யாருக்கும் வேண்டாம், எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு எடுத்து வந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்படி இல்லை. அந்த நான்கு எண்களைப் படிக்க எனக்கு அப்போதே தெரியும். கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். டயர் பிறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. நான் படித்தேன். பிறகு கறுப்பு பாலிஷ் போட்டுத் துடைத்தேன், பளபளவென்று வந்தது. மாட்டினேன். பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறபோது, பொட்டு வைக்க எத்தனையோ இடம் இருந்தது. நான் அந்த நான்கு எண்ணின் மேல் வைத்தேன். கட்டை விரலால் நன்றாக அழுத்தி, எழுத்துப் பள்ளத்துக்குள் சந்தனம் இறங்குகிற மாதிரி வைத்தேன். நீ பக்கத்தில் குங்குமக் கிண்ணத்தோடு நின்றாய். பிரபு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "புது டயராண்ணே?" என்று கேட்டான். "பட்டனப் பாருடா. பட்டன் இருந்தா போதும்" என்றேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. நீ கை தட்டினாய்.

மார்கழியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, கொள்ளிடம் பாலம் இறங்குகிற வளைவில் அவன் விழுந்தான். வேகம் இல்லை. ரோட்டில் பனி ஈரம், அவ்வளவுதான். பின் சக்கரம் பக்கவாட்டில் போய்விட்டது, வண்டி இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது, முட்டி நடுவில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் எப்படி எப்படி என்று கேட்டார்கள். "மணல்" என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லியது. மணல் லாரி போகிற ரோடு, எல்லாரும் உடனே நம்பினார்கள். உன் அம்மா லாரிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தாள். மயக்கம் தெளிந்ததும் பிரபுவும் மணல் என்றுதான் சொன்னான், நாங்கள் சொன்னதைக் கேட்டு. இன்றைக்கு வரைக்கும் கடைக்கு வருகிற ஒவ்வொரு பைக்காரரிடமும் அவன் சொல்வதை நீ கேட்டிருக்கிறாய். "மணலப் பாத்தா பிரேக்கத் தொட்றாதீங்க சார். என் காலப் பாருங்க."

அன்றைக்கு மத்தியானம் நான் வண்டியை எடுக்கப் போனேன். வளைவில் மணல் இல்லை பாப்பா. ஒரு பிடிகூட இல்லை. நான் நின்று பார்த்தேன், உட்கார்ந்து உள்ளங்கையால் தடவியும் பார்த்தேன். பிறகு டயரில் நகத்தை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. பட்டன் அப்படியே இருந்தது. அப்போது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. ஊசி போட்ட பிறகு பல் பக்கத்தைத் தொட்டால் வேறு யார் கன்னமோ மாதிரி இருக்குமே, பத்து வருஷமாக அந்த இடம் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. தேர்வு தேதி வந்தது, போனது. அவன் முட்டி மடங்கவில்லை. நான் கடை போட்டேன், அவனைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன், தொழில் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு இப்போது நான்கு எண்களைப் படிக்கத் தெரியும். சொல்லிக்கொடுத்தவன் நான்.

நம் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி ஒரு டயர் கிடக்குமே, நீ தண்ணீர் ஊற்றி வளர்ந்தாயே, அது அந்த டயர்தான். நான் அதைத் தூக்கிப் போடத்தான் கழற்றினேன். பிரபு விடவில்லை. கட்டில் படுக்கையில் இருந்துகொண்டு, "போட்றாதண்ணே. அந்த டயர் மட்டும் மொட்டையா இருந்திருந்தா நான் பாலத்துக்குக் கீழ போயிருப்பேன். உசுரக் காப்பாத்துனது" என்றான். செடிக்குப் போட்டேன். எண் இருக்கிற பக்கத்தை மண்ணுக்குள் வைத்துப் புதைத்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவன் காலை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் அதற்கும் ஒரு பொட்டு வைப்பான். "சித்தப்பா, கறிவேப்பிலைக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்று நீ கேலி பண்ணுவாய். அவன் சிரிப்பான். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இன்றைக்குக் காலையில் அதைத் தோண்டி எடுத்தேன். உன் அம்மா, "செடி வேர் அறுந்துரும், என்னத்துக்கு இப்ப?" என்றாள். பாப்பாவுக்குப் போட்டோ அனுப்பணும் என்றேன். கடைக்குக் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் கழுவினேன். எண்ணின் பள்ளத்தில் மண் இறுகியிருக்கிறது, அதை இன்னும் சுரண்டவில்லை. பட்டன் இப்போதும் அப்படியே இருக்கிறது. யாரிடம் காட்டினாலும் நல்ல டயர் என்பார்கள். சுரண்டிவிட்டுப் போட்டோ எடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். உன் டயரின் எண்களை நீ படித்துவிட்டு எனக்கு அனுப்பு. இதற்குப் பிறகும் மாற்றாமல் போகத் தோன்றினால் போ, எனக்குத் தடுக்க வாய் இல்லை. ஆனால் படித்துவிட்டுப் போ. படித்துவிட்டு மூடி வைக்காதே. நான் செய்தது அதுதான்.

பிரபுவிடம் சாயங்காலம் சொல்வதாக இருக்கிறேன். கடை மூடுவதற்கு முன்னால், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவன் இப்போது மலைக்கோட்டைப் பக்கம் போயிருக்கிறான், உனக்குக் கம்பளிக் கையுறை தேடி. திருச்சியில் எங்கேடா கிடைக்கும், அவளே அங்கே வாங்கிக்கொள்வாள் என்றேன். "அவ வாங்க மாட்டாண்ணே, ஒன்ன மாதிரி அலட்சியம்" என்று சொல்லிவிட்டுப் போனான். வர மூன்று மணியாகும் என்று சொன்னான், அதற்குள் நான்

வந்துவிட்டான். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுகிறான். "அண்ணே, கெடச்சிருச்சு! உள்ள பஞ்சு வச்சது. ஊட்டிக்கான்னு கேட்டாரு கடைக்காரரு, எங்க பாப்பா எமயமலைக்குப் போவுதுன்னேன், ரெண்டு ஜோடியா எடுத்துப் போட்டாரு" என்கிறான். பையை மேஜையில் வைத்தான். இப்போது வாளிப் பக்கம் பார்க்கிறான். "ஏண்ணே, இது நம்ம டயருல்ல? இத ஏன் புடுங்கிட்டு வந்த?" நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். முட்டி மடங்காததால் காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "பட்டனப் பாரேன், இன்னும் அப்படியே இருக்கு" என்று தடவிக்கொடுக்கிறான். எண் இருக்கிற பக்கம் மேலே இருக்கிறது. கட்டை விரலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். முதல் எண் தெரிந்துவிட்டது. நான் போக வேண்டும் பாப்பா.